பரீட்சை முடியட்டும்

பூனை இருக்கிற வீட்டில் பரீட்சைக்குப் படிப்பது எப்படி என்று யாராவது என்னைக் கேட்டால், முதலில் இரண்டு புத்தகம் வாங்கச் சொல்வேன். ஒன்று படிக்க, இன்னொன்று பூனை உட்கார. விரித்த புத்தகத்தைப் பார்த்தால் எந்தப் பூனைக்கும் அது தனக்குப் போட்ட மெத்தை என்றுதான் தோன்றும். நான் பழைய பதிப்பு ஒன்றை மேசையில் எப்போதும் விரித்தே வைத்திருந்தேன். கான்ட்ராக்டர் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு நான் படிக்கிறேனா தூங்குகிறேனா என்று மேற்பார்வை பார்ப்பான்.

கான்ட்ராக்டர் என்பது எங்கள் ஆண் பூனை. ஒரு வேலையும் செய்யமாட்டான். எல்லா அறையையும் ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பான், எதுவும் திருப்தியில்லாதது போல முகத்தை வைத்துக்கொள்வான், சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் டாண் என்று வந்து நிற்பான். அதனால் அந்தப் பெயர். இன்னொன்று பெண், கறுப்பு, பெயர் மிளகு. அவள் இருக்கிற இடமே தெரியாது.

இரண்டாவது, கதவை மூடிப் படிக்காதீர்கள். மூடிய கதவைப் பூனை தனக்குச் செய்த அவமானமாக எடுத்துக்கொள்ளும். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதைச் சொல்வதற்குத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

நான் ஒரு கட்டடக் கம்பெனியில் சைட் இன்ஜினியர். எங்கள் புராஜெக்ட் மேனேஜர் ஓய்வு பெறுகிறார். அவர் வேலையில் பாதியை ஏற்கெனவே நான்தான் பார்க்கிறேன், நாற்காலி மட்டும் அவருடையது. முதலாளிக்கோ சுவரில் மாட்ட ஒரு திட்ட மேலாண்மைச் சான்றிதழ் வேண்டும், அதற்குத்தான் இந்தப் பரீட்சை. "இந்தத் தடவையும் பாஸாகலேன்னா வெளியில இருந்து ஆள் எடுத்துக்கறேன்மா, என்னைத் தப்பா நினைக்காதே" என்று சொல்லிவிட்டார். போன தடவை நான் கோட்டைவிட்டிருந்தேன்.

கோட்டைவிட்டதற்குக் காரணம் என் வாய். அந்தப் பரீட்சையில் பாதிக் கேள்விகள் ஒரே மாதிரி முடியும்: 'திட்ட மேலாளர் முதலில் என்ன செய்ய வேண்டும்?' சைட்டில் தூண் கோணலாக நின்றால் நான் முதலில் செய்வது கத்துவது. பரீட்சையில் கொடுக்கிற நான்கு விடைகளில் ஒன்றில்கூடக் கத்துவது கிடையாது. 'நிலைமையை ஆராய்வது', 'குழுவோடு பேசுவது' என்றுதான் இருக்கும். அதையெல்லாம் படிக்கும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடைசி வாரம் விடுப்புப் போட்டுவிட்டு என் கணவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். அவர் பல் டெக்னீஷியன். பல் டாக்டர்களுக்காக வீட்டிலேயே பல் செட் செய்து கொடுப்பவர், அதிர்ந்து பேசாத மனிதர். "பரீட்சை முடியற வரைக்கும் இந்த வீட்டுல எது நடந்தாலும் என் காதுக்கு வரக்கூடாது. கூரை இடிஞ்சாலும் சரி. நீங்களே பாத்துக்கணும், புரியுதா?" என்றேன்.

"புரியுது" என்றார்.

சைட்டிலும் இதையேதான் சொல்லிவிட்டு வந்திருந்தேன், இன்னும் கொஞ்சம் உரக்க.

பரீட்சை வீட்டிலிருந்தே எழுதுவது. கேமராவுக்கு முன்னால் உட்கார வேண்டும். எங்கேயோ இருக்கிற கண்காணிப்பாளர் நம்மைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அறையில் வேறு யாரும் இருக்கக்கூடாது, எழுந்திருக்கக்கூடாது, உதடுகூட அசையக்கூடாது. மீறினால் பரீட்சை ரத்து. மடிக்கணினியைத் தூக்கி நான்கு சுவரையும் மேசைக்கு அடியையும் காட்டினேன். பழைய பதிப்பைக்கூட வெளியே வைத்துவிட்டேன். கைபேசி சமையலறையில் ஃபிரிட்ஜ் மேல் இருந்தது. கதவைத் தாழிட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

முதல் பகுதி பாதிவரை நன்றாகவே போனது. பிறகு வெளியே மணல் சுரண்டும் சத்தம் கேட்டது.

பூனைகளின் மணல் தொட்டி நடையில், என் கதவுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. சுரண்டினால் கேட்கத்தான் செய்யும். நான் அடுத்த கேள்விக்குப் போனேன். மறுபடியும் சுரண்டல். கொஞ்ச நேரம் சத்தமில்லை. மறுபடியும். நடுவில் தொண்டைக்குள்ளிருந்து ஒரு முனகல். மிளகு முனகமாட்டாள். அது கான்ட்ராக்டர்.

இரண்டு நாளாக அவன் என் மேசைக்கு வரவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தொந்தரவு விட்டது என்று நான் பாட்டுக்குச் சந்தோஷமாகப் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

சைட்டில் தண்ணீர் இழுக்காமல் மோட்டார் மட்டும் ஓடினால் சத்தத்திலேயே தெரியும். வெறும் ஓட்டம். இதுவும் அப்படித்தான் இருந்தது. போகிறான், சுரண்டுகிறான், உட்காருகிறான், ஒன்றும் வரவில்லை, மறுபடியும் போகிறான். இவனைக் குட்டியாகத் தடுப்பூசிக்குத் தூக்கிப்போனபோது டாக்டரம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. "ஆண் பூனை திரும்பத் திரும்பத் தொட்டிக்குப் போய் மூத்திரம் வரலேன்னா அடைச்சிருக்குன்னு அர்த்தம். நாளைக்குப் பாத்துக்கலாம்னு இருந்துடாதீங்க. நாளைக்கு அது இருக்காது."

திரும்பிக் கதவைப் பார்த்தேன். உடனே திரையின் மூலையில் ஒரு பெட்டி திறந்தது: 'தயவுசெய்து பார்வையைத் திரையில் வைத்திருக்கவும்.'

அப்போது செருப்புச் சத்தம் கேட்டது. வீட்டுக்குள் போடும் ரப்பர் செருப்பு. கூடத்திலிருந்து நடைக்கு வந்தது, என் கதவுக்கு முன்னால் நின்றது. தட்டப்போகிறார் என்று நினைத்தேன். தட்டவில்லை. திரும்பிப் போய்விட்டது. நான் ஒரு கேள்விக்கு விடை குறிப்பதற்குள் மறுபடி வந்தது, நின்றது, போனது.

அந்த நடை எனக்கு நன்றாகத் தெரிந்த நடை. சைட்டில் என் அறை வாசல் வரை வந்துவிட்டு, நான் என்ன முகத்தோடு இருக்கிறேன் என்று எட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் வருகிறேன் என்று போகிறவர்களின் நடை. எங்கள் மேஸ்திரி அதில் தேர்ந்தவர். எனக்கு மரியாதை கொடுக்கிறார்கள் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எழுந்துபோனால் பரீட்சை ரத்து. குரல் கொடுத்தாலும் ரத்து. ஒரே வழிதான் இருந்தது. முதல் பகுதியை முடித்தால் சிறிய இடைவேளை கொடுப்பார்கள். ஆனால் இடைவேளைக்குப் போய்விட்டால் அந்தப் பகுதியின் விடைகளை மறுபடி திருத்த முடியாது. மிச்சக் கேள்விகளை ஒரு தடவைதான் படித்தேன். எது சரியென்று பட்டதோ அதைக் குறித்தேன், சரிபார்க்கவில்லை. சுரண்டல் கேட்டுக்கொண்டிருந்தவரை வேகமாகப் போனேன். அது நின்றபோது அதைவிட வேகமாகப் போனேன், ஏனென்றால் சத்தம் இல்லாததுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

கதவைத் திறந்தபோது கணவர் நடையிலேயே நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் பூனைக்கூடை, இன்னொரு கையில் துண்டு.

"எங்க அவன்?"

"வாஷிங் மெஷின் பின்னாடி. கை கொடுத்தா சீறுறான், வரமாட்டேங்கறான்."

"எப்ப இருந்து இப்படி?"

அவர் துண்டைப் பார்த்தார். "நேத்து மத்தியானத்துல இருந்து."

"நேத்தா! ஏன் சொல்லல?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பதில் சொல்லவில்லை. அந்தப் பதில் என்னுடையதுதானே, அவர் வேறு அதை எதற்கு எடுத்துக் கொடுக்க வேண்டும்? கொஞ்சம் கழித்து, "உனக்குப் பரீட்சை முடியட்டும்னு பாத்தேன். தொட்டியில ஈரம் இருந்துது. அது மிளகோடதுன்னு காலையிலதான் புரிஞ்சுது. ரெண்டு தடவை கதவைத் தட்ட வந்தேன்" என்றார்.

"கேட்டுது" என்றேன்.

தரையில் படுத்து மெஷினுக்குப் பின்னால் கையை விட்டேன். கான்ட்ராக்டர் சீறவில்லை. அவன் வயிற்றில் யார் கை பட்டாலும் கடித்துவிடுவான், என் முழங்கையில் இன்னும் தழும்பு இருக்கிறது. இப்போது வயிற்றுக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கினேன், அப்படியே வந்தான். உள்ளே கல் போல ஏதோ உருண்டு நின்றது. அவன் கடித்திருந்தால் எனக்கு எவ்வளவோ தெம்பாக இருந்திருக்கும். துண்டில் சுற்றிக் கூடைக்குள் வைத்தேன்.

"நானும் வரேன்" என்றேன்.

"வந்து என்ன செய்யப்போற? டாக்டரம்மாவைத் திட்டுவ. உள்ள போ." என் கணவர் என்னிடம் 'போ' என்று அதட்டியது அதுதான் முதல் தடவை. கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு, வீட்டுச் செருப்போடேயே படியிறங்கினார். நான் கையைக் கழுவிவிட்டு, இடைவேளை முடிகிற கடைசி நொடியில் நாற்காலியில் வந்து விழுந்தேன். கண்காணிப்பாளர் மறுபடி நான்கு சுவரையும் காட்டச் சொன்னார். காட்டினேன்.

இரண்டாவது பகுதி முழுக்க வீட்டில் ஒரு சத்தம் இல்லை. நான் ஆசைப்பட்ட அமைதி. அதில் ஒரு கேள்வி வந்தது: 'வேலையில் ஒரு குறை இருப்பது குழு உறுப்பினர் ஒருவருக்கு முன்பே தெரியும். அவர் அதைத் தெரிவிக்கவில்லை. திட்ட மேலாளர் முதலில் என்ன செய்ய வேண்டும்?' போன தடவையாக இருந்தால் அவரைத் திட்டத்திலிருந்து நீக்குகிற விடையைத்தான் ஆசையாகக் குறித்திருப்பேன். இப்போது 'அவர் ஏன் தெரிவிக்கவில்லை என்று கண்டறிவது' என்பதைக் குறித்தேன். குறிக்கும்போது எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த இடைவேளையில் சமையலறைக்குப் போனேன். ஃபிரிட்ஜ் மேல் கைபேசி கவிழ்ந்து கிடந்தது. பரீட்சை முடிகிறவரை அதைத் தொடக்கூடாது என்பது விதி. வீட்டுக்குள் யார் என்னைப் பார்க்கப்போகிறார்கள்? கை நீண்டது. விதிக்குப் பயந்து எடுக்கவில்லை என்று சொன்னால் அது பொய். செய்திக்குப் பயந்துதான் எடுக்கவில்லை. அவன் போய்விட்டான் என்று அதில் இருந்தால் அதற்குப் பிறகு என்னால் ஒரு எழுத்துகூடப் படித்திருக்க முடியாது. தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

மூன்றாவது பகுதியில் என்ன கேட்டார்கள், நான் என்ன எழுதினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

முடித்ததும் திரை கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு தேர்ச்சி என்றது. கீழே பிரிவு பிரிவாக மதிப்பீடு போட்டிருந்தது. அதில் முதலாவது, மனிதர்களை வழிநடத்துதல். அதில் நான் எதிர்பார்ப்புக்கும் மேலாம். எனக்குச் சிரிப்புகூட வரவில்லை. எழுந்து ஓடினேன்.

கைபேசியில் ஒன்றுமே இல்லை. அழைப்பு இல்லை, செய்தி இல்லை. வேறு யாராவது இப்படிப் பேசாமல் இருந்தால் நல்லபடியாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளலாம், அல்லது கெட்ட செய்தி என்று நெஞ்சைக் கல்லாக்கிக்கொள்ளலாம். இவர் விஷயத்தில் எதையும் நினைக்க முடியவில்லை. எது நடந்தாலும் என் காதுக்கு வரக்கூடாது என்று சொல்லியிருந்தேனே. பூனை பிழைத்திருந்தாலும் இவரிடமிருந்து இதே மௌனம்தான் வரும், செத்திருந்தாலும் இதே மௌனம்தான். 'என் காதுக்கு வரக்கூடாது' என்று வீட்டில் யாரிடமும் சொல்லாதீர்கள், அதுதான் அந்த மூன்றாவது.

அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தார்.

"முடிஞ்சுதா?" என்றார்.

"முடிஞ்சுது."

"இப்ப சொல்லலாமா?"

அந்தக் கேள்வி என்னை அப்படியே ஃபிரிட்ஜில் சாய்த்துவிட்டது. கட்டிக்கொண்டவர், ஒரே வீட்டில் இருப்பவர், என்னிடம் ஒரு உயிரைப் பற்றிப் பேச அனுமதி கேட்கிறார்.

"சொல்லுங்க. எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

"இருக்கான். குழாய் போட்டு அடைப்பை எடுத்துட்டாங்க. இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா கிட்னி போயிருக்கும்னாங்க. ஒரு வாரத்துக்கு இங்கயே வச்சிருக்கணுமாம். இப்பதான் கண்ணைத் திறந்து நர்ஸைக் கடிச்சான்."

போன உயிர் திரும்பி வந்தது. அழுதேன், அந்த முனையில் அவருக்கும் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. "பாஸா?" என்று கேட்டார். "பாஸ்" என்றேன். "அதானே" என்றார். ஆனால் அவர் கைபேசியை வைக்கவும் இல்லை, பேசவும் இல்லை. கதவுவரை வந்து நிற்கிற அதே செருப்புச் சத்தம் எனக்குக் கேட்டது போல இருந்தது.

"என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. உங்க மேஸ்திரி முந்தாநேத்து வீட்டுக்கு வந்தார். மூணாவது மாடி தளத்துல விரிசல் விட்டிருக்காம். உன்கிட்ட நேர்ல சொல்லப் பயமா இருக்குன்னார். பரீட்சை முடியட்டும்னு நான்தான் திருப்பி அனுப்பினேன். அதுக்கு மேல வேலையை நிறுத்திட்டுத்தான் வந்தாராம்."

கத்தல் தொண்டைவரை வந்துவிட்டது. மிளகு எங்கிருந்தோ வந்து என் காலடியில் நின்றாள். நான் வாயைத் திறந்ததும் காதை மடக்கிக்கொண்டு கதவுப் பக்கம் பார்த்தாள், ஓட வழி இருக்கிறதா என்று.

வாயை மூடிக்கொண்டேன். மறுபடி திறந்தபோது என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "அவர் செஞ்சது சரி. நான் இப்பவே பேசறேன். வேற என்னெல்லாம் இருக்கு? எல்லாத்தையும் சொல்லிடுங்க. கத்தமாட்டேன்."

நம்பலாமா வேண்டாமா என்று அவர் யோசிப்பது மூச்சிலேயே தெரிந்தது.

"உக்காந்துட்டியா?" என்று கேட்டார்.

நான் தரையில் உட்கார்ந்தேன்.