நாற்பத்தோரு நாள் பத்தியம்

வைத்தியர் சக்கரவர்த்தி மாலையோடு வாசலில் கால் வைப்பதற்குள் ஜெயம் பாய்ந்து அதைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தாள்.

"எந்த மூஞ்சிய வச்சிகினு வந்த? எங்கப்பாவ கொன்னுட்டு மாலை வேறயா?"

ஒப்பாரி சட்டென்று நின்றது. பெரியப்பா பொன்னுசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து வைத்தியரின் சட்டையைப் பிடித்தார். ஜெயத்துக்கு அதுவும் போதவில்லை. நாலு அறை விழுந்தால்தான் ஆத்திரம் அடங்கும் போலிருந்தது.

இருக்காதா? அப்பா ஜெகநாதனை ஆரணியிலிருந்து வேலூருக்கு அழைத்துப்போய் எக்ஸ்ரே எடுத்தவள் அவள். இருதயம் வீங்கிப் பெருத்துவிட்டது, மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாது என்று டாக்டர் சொன்னதைக் காதால் கேட்டவளும் அவள்தான். அவள் களம்பூருக்கு, புருஷன் வீட்டுக்குத் திரும்பிய பிறகு இந்த முள்ளிப்பட்டு வைத்தியரின் மருதம்பட்டைக் கஷாயம் ஆரம்பமானது, மாத்திரை நின்றது. கால் வீக்கம் வடிந்தது. அப்பா மறுபடி தறியில் உட்கார்ந்தார். தெருவே வைத்தியரைக் கொண்டாடியது. ஒரு மண்டலம் பத்தியம், நாற்பத்தெட்டு நாள். நாற்பத்தோராம் நாளான இன்று விடியற்காலை மூச்சு வாங்கிச் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

"நான் மாத்திரய நிறுத்த சொல்லலம்மா," என்றார் வைத்தியர். "உப்பு, புளிதான் வேணாம்னேன். வேலூர் மாத்திரயோட சேத்துதான் கஷாயம் குடிக்க சொன்னேன்."

"புளுவுறான்!" என்றார் பெரியப்பா.

ஜெயம் விடுவிடுவென்று உள்ளே போனாள். அம்மா பாஞ்சாலை அப்பாவின் காலடியில் உட்கார்ந்திருந்தாள்.

"எழுந்து வந்து சொல்லும்மா. இந்தாளுதான மாத்திரய நிறுத்த சொன்னது?"

அம்மா நிமிரவில்லை. மகளின் முந்தானையைப் பிடித்துக் கீழே இழுத்துக் காதில் சொன்னாள்.

"நாந்தான்டி ஒளிச்சி வச்சேன். இங்கிலீஸ் மருந்து உள்ள போனா பத்தியம் முறிஞ்சிடும், திரும்ப மொதல்லேருந்து ஆரம்பிக்கணும்னு நெனச்சேன். இன்னும் ஏழு நாளுதான இருந்திச்சி. நேத்துகூட கேட்டாரு. நான் குடுக்கல. யார்கிட்டயும் சொல்லிடாதடி."

அப்பா கேட்டிருக்கிறார். மூச்சு முட்டக் கேட்டிருக்கிறார். அம்மாவின் தோளைப் பிடித்து எலும்பு நொறுங்க உலுக்க வேண்டும் போல ஜெயத்துக்கு வெறி வந்தது. அம்மாவின் கை முந்தானையை இன்னும் இறுக்கிப் பிடித்தது. அவள் அதை உதறவில்லை, பற்றிக்கொள்ளவும் இல்லை.

சாயங்காலம் பாடையைத் தூக்க நாலு பேர் குனிந்தார்கள். முன்னால் பெரியப்பா. எதிர்வீட்டுச் சுவரோரம் பித்தான் அறுந்த சட்டையோடு வைத்தியர் இன்னும் நின்றிருந்தார். ஜெயம் நேராக அவரிடம் போனாள்.

"வாங்க," என்றாள். குரல் இன்னும் கடுகடுவென்றுதான் இருந்தது. "பெரிப்பா, நகருங்க. இவரு தோள் குடுக்கட்டும்."

"இன்னாடி, பைத்தியமா புடிச்சிகிச்சி? இவனா?"

"நகருங்கன்றேன்ல!"

அவள் போட்ட கத்தலில் பெரியப்பா நகர்ந்தார். ஏன் என்று கேட்டதற்கு அவள் வாயைத் திறக்கவில்லை.

வைத்தியர் குள்ளம். பாடை அவர் பக்கமாகச் சாய்ந்தபடியே தெருமுனை திரும்பியது.