தரை கோழிகளுக்கு

எங்கள் தோட்டத்தில் தரை பக்கத்து வீட்டுக் கோழிகளுக்கு. தரைக்கு மேலே இருப்பது எனக்கு. குடிவந்த அன்றே வீட்டுக்காரர் மாரப்பன் அப்படித்தான் பிரித்துக் கொடுத்தார். செடி எனக்கு, வேர் அவற்றுக்கு. நானும் தலையாட்டினேன். அன்றைக்கு என் புத்தி எங்கே போயிருந்ததோ.

தோட்டத்தில் நான் கால் வைக்கக் கூடாது. செங்கல் அடுக்கி, மேலே பலகை போட்டு நடந்தேன். செங்கல்லுக்குக் கோழிகள் சம்மதித்திருந்தன.

கத்தரி வைத்தேன். வேரைக் கிளறி எடுத்து வெயிலில் காயப் போட்டன. கீரை தூவினேன். கையை விட்டதும் விதை அவற்றுடையதாகிவிட்டது. நிதானமாக நின்று தின்றன. சொந்தப் பொருளை யாரும் அவசரமாகத் தின்பதில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கோழிகளுக்குச் சொந்தக்காரி நாச்சக்கா. மதிலுக்கு அந்தப் பக்கம் இடுப்பு வரைக்கும்தான் எப்போதும் தெரிவாள்.

"அக்கா, உங்க கோழிய அடைச்சு வைங்க," என்றேன்.

"எதுக்கு அம்மிணி? அதுங்க எடத்துல அதுங்க நிக்குது."

"என்ர கீரையத் திங்குதுங்க."

"நீ கீழ போட்டே. அதுங்க பொறுக்குதுங்க."

அதற்குமேல் பேசினால் நான் கெட்ட வார்த்தை சொல்லிவிடுவேன். உள்ளே வந்துவிட்டேன்.

அப்புறம்தான் புடலை வைத்தேன். பழைய எண்ணெய் டின்னில் வெளியூர் மண்ணைக் கொட்டி, டின்னைப் பந்தல் காலில் கட்டித் தொங்கவிட்டேன். இப்போது வேரும் எனக்கு. என்னிடம் மிஞ்சியிருந்தது ஒரே விதை. கடைக்காரர் எங்கள் தெருப் பெயரைக் கேட்டதும் இனி விதை கிடையாது என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு விதை முளைத்து, பந்தலில் ஏறி, ஒரே ஒரு காய் விட்டது. அதைப் பறிக்காமல் விதைக்கு விட்டேன். பழுத்து விதை எடுத்தால் வருகிற ஆடிக்குப் பந்தல் முழுக்கப் புடலை. தவறினால் இந்த வீட்டில் இனி எனக்கென்று ஒரு இலை கிடையாது.

காய் நீண்டது. தரைக்கு ஒரு சாண் இருக்கும்போது கோழிகள் அடியில் கூடின. தோட்டத்து மண்ணையெல்லாம் காலால் தள்ளிக் கொண்டுவந்து காய்க்குக் கீழே மேடு கட்டின. நான் பந்தலை உயர்த்தினேன். காய் அதே அளவு நீண்டது. மறுபடி உயர்த்தினேன். மறுபடி நீண்டது. என் காய் யார் பக்கம் என்றே எனக்குப் புரியவில்லை.

மாரப்பனுக்கு ஆள் அனுப்பினேன். அவர் வந்து மேட்டருகே குப்புறப் படுத்து, கன்னத்தை மண்ணில் வைத்து, இடைவெளியைப் பார்த்தார். கோழிகள் வழிவிட்டு நின்றன.

நான் பலகையில் ஓடினேன். பலகை நீண்டது. கோபத்தில் ஓடினால் அது நீளும். அது தெரிந்தும் கோபம் வந்தது. காய் பழுத்துச் சிவந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தேன். மாரப்பன் அப்படியே படுத்திருந்தார்.

"எட்டலீங்க," என்றேன். "நடுவுல காத்துப் போகுது, பாருங்க."

"காயி எட்டல," என்றார். "கல்லு யாருது?"

"எந்தக் கல்லு?"

"நுனியில தொங்குதே, அந்தக் கல்லு."

புடலை பிஞ்சாக இருக்கும்போதே நுனியில் ஒரு கல்லைக் கட்டிவிடுவோம். இல்லாவிட்டால் சுருண்டுகொள்ளும். புடலை போடுகிற எல்லோரும் செய்வதுதான். நானும் சணலில் கட்டியிருந்தேன்.

"கீழ கெடந்ததுங்க. பலகையில படுத்துக் கைய நீட்டி எடுத்தேன்."

"அப்ப அது தரை."

"நான் நடக்கறனே செங்கல்லு, அது தரையில்லீங்களா?"

"அது சுட்டது. இது சுடாதது. நீயாத்தான் அம்மிணி தரையத் தூக்கிக் காயில கட்டியிருக்கறே. பிஞ்சுலருந்தே அது தரையத் தொட்டுட்டுத்தான் இருக்குது."

கோழிகள் ஆச்சரியப்படவில்லை. அவற்றுக்கு இது முதலிலேயே தெரியும்.

"பொறவு எதுக்கு மேடு கட்டுச்சுங்க?"

"கோழின்னாக் கிளறத்தான் செய்யும்," என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து கன்னத்தைத் துடைத்தார்.

சேவல் முன்னால் வந்து காயை ஒரு கொத்துக் கொத்தியது. பழம் அடியில் வெடித்தது. சிவந்த சதையோடு விதையெல்லாம் மேட்டில் கொட்டியது. எனக்கு உச்சி வரைக்கும் கொதித்தது. கத்தரிக்கும் கீரைக்கும் சேர்த்துக் கொதித்தது. பலகையை விட்டு இறங்கினேன்.

"கால வெச்சுட்டயா அம்மிணி?" என்றார் மாரப்பன்.

"வெச்சுட்டேன்."

"அப்ப நீயும் அதுங்களோட சேத்தி."

"சேத்தியே இருக்கட்டும். கீழ கெடக்கற வெதை யாருக்குங்க?"

"கீழ இருக்கறவங்களுக்கு."

குனிந்து கையை நீட்டினேன். கீழே இருப்பவர்கள் கையால் எடுப்பதில்லை என்றார். மண்டியிட்டேன். கோழிகளுக்கு நடுவே தலையை நுழைத்து வாயால் பொறுக்கினேன். ஒரு பெட்டை என் காதைக் கொத்தியது. நானும் அதன் கழுத்தைக் கடிக்கப் போனேன். கடித்தால் விதை போய்விடும் என்று விட்டுவிட்டேன். மேடு காலியானபோது என் இரண்டு கன்னத்திலும் விதை நிறைந்திருந்தது. மாரப்பன் போய்விட்டிருந்தார்.

பொழுது சாய்கிற நேரத்தில் நாச்சக்கா மதிலைத் தாண்டி வந்தாள். கையில் பஞ்சாரம். கோழிகளைக் கவிழ்த்து மூடுகிற மூங்கில் கூடைதான், ஆனால் அறை அளவு இருந்தது. "ப்பா... ப்பா..." என்று கூப்பிட்டாள். கோழிகள் போயின. நானும் போனேன். போகிறேனே என்று ஆத்திரமாக வந்தது. ஆனாலும் போனேன். எல்லோரையும் சேர்த்து மூடினாள்.

பிறகு குனிந்து மூங்கில் இடுக்கு வழியாக என்னைப் பார்த்தாள்.

"மூஞ்சி எதுக்கு இப்படிச் செவந்து கெடக்குது? கோவமா?"

விதையை நாக்கால் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டேன்.

"மனசுல வெச்சுக்காதே அம்மிணி. ஒடம்புக்கு ஆகாது. வாயத் தொறந்து நாலு வார்த்தை திட்டிரு. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

நாலு வார்த்தைக்கு மேலேயே என்னிடம் இருந்தன. கோழிகள் என்னைச் சுற்றி உட்கார்ந்து, என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தன.