ஒற்றைக்கண் சிங்கம்

தக்கெலெ கோயில் கட்டினான். கருங்கல் சுவர், தகரக் கூரை, மூன்று வாசல். கடவுளுக்காகக் கட்டினான் என்று பாதிரியார் கெப்ரு சொன்னார். தக்கெலெ வீட்டுக் கோழிக்குழம்பைத் தின்பவர் வேறென்ன சொல்வார்.

அவன் கட்டியது பஞ்சாயத்துக்காக. அண்ணன் செத்ததும் எல்லைக்கல்லை நகர்த்தி, அண்ணன் வயலைத் தன் வயலோடு சேர்த்துக்கொண்டான். கல் முன்பிருந்தே அங்கேதான் இருந்தது என்று சாட்சி சொன்னவரும் இதே கெப்ருதான். அண்ணன் மனைவி ஜெனெபெச் விடவில்லை. புதுக் கோயிலில் ஞாயிறன்று திருப்பேழை குடியேறும், அது வந்தால்தான் கோயில் கோயிலாகும். அடுத்த வியாழன் பெரியவர்கள் அத்திமரத்தடியில் உட்கார்ந்து வயல் யாருக்கு என்று சொல்வார்கள். கோயில் கட்டியவனுக்கு எதிராக யார் வாய் திறப்பார்கள்? திறக்கமாட்டார்கள். அவர்களை எனக்குத் தெரியும்.

நான் அங்கே மெரிகேத்தா. பாட்டுக்குத் தலைமை, வேதத்துக்கு விளக்கம்.

கோயில் சுவிசேஷகர் மாற்குவின் பெயரில். அவருடைய சின்னம் சிங்கம். ஆகவே சுவரில் சிங்கம் வேண்டும். கொந்தர் நகரத்திலிருந்து ஃபெந்தா என்ற ஓவியன் வந்தான். துணியில் எழுதிச் சுவரில் ஒட்டுவது அவர்கள் முறை. சிங்கம் நடந்துபோகும், முகம் மட்டும் நம் பக்கம் திரும்பியிருக்கும், படத்துக்குப் பணம் கொடுத்தவன் அதன் காலடியில் குப்புறக் கிடப்பான். வழக்கம் அது.

"நான் ஏன் கிடக்கணும்?" என்றான் தக்கெலெ.

"எல்லாரும் கிடக்கறதுதான், ஐயா. ராஜாவே கிடந்திருக்காரு."

"ராஜா கிடக்கட்டும். என்னை நிக்க வை, சிங்கத்துக்கு முன்னால. அது என்னைப் பாக்கணும்."

"உங்களைப் பாத்தா முகம் பக்கவாட்டுல போயிரும். ஒரு கண்ணுதான் தெரியும்."

"தெரியட்டும். உனக்கு ஒரு கண்ணு வேலை மிச்சம்."

எங்கள் சுவர்களில் நல்லவர்களுக்கு நேர்முகம், இரண்டு கண். யூதாசுக்கும் பேய்களுக்கும் பக்கவாட்டு முகம், ஒரு கண். பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. தக்கெலெவுக்கும் தெரியும். அது மனிதர்களுக்கான சட்டம், மிருகத்துக்கு ஏது என்று நினைத்தான். தனக்கு இரண்டு கண் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டான். கெப்ருவைக் கேட்டதற்கு, "சிங்கம்னா கிறிஸ்து. எத்தனை கண்ணு இருந்தா என்ன" என்றார். விருந்தின் நடுவே கேட்டிருக்கிறான்.

"வாயைத் திறந்து வை. கம்பீரமா இருக்கும்" என்றும் தக்கெலெ சொன்னான். ஃபெந்தா திறந்து வைத்தான். பல்லும் வைத்தான்.

தரை மெழுகப் பெண்கள் வந்தார்கள். ஜெனெபெச்சும் வந்திருந்தாள். சாணி வாளியோடு படத்துக்கு முன்னால் நின்றாள்.

"என் கொழுந்தனைப் பிசாசுக்கும் பிடிச்சுப்போச்சு போல" என்றாள்.

"பிடிக்கல அக்கா, பசிக்குது" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

மத்தியானத்துக்குள் சந்தை முழுக்கச் சிரித்தது. மிளகாய் விற்பவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு தக்கெலெவைப் பார்த்தாளாம்.

அவன் என்னிடம் வந்தான். ஃபெந்தாவையும் இழுத்துக்கொண்டு வந்தான்.

"மெரிகேத்தா, இது எந்தச் சிங்கம்னு நீங்க ஜனங்களுக்குச் சொல்லணும்."

எங்கள் விளக்க முறையில் ஒரு பொருளோடு நிறுத்துவதில்லை. யூதா குலத்துச் சிங்கம் கிறிஸ்து. இன்னொன்று, யாரை விழுங்கலாம் என்று அலைகிற சிங்கம், அது பிசாசு. இன்னொன்று, சொல் கேட்காத தீர்க்கதரிசியை வழியில் அடித்துப்போட்டுவிட்டுத் தின்னாமல் பக்கத்திலேயே நின்ற சிங்கம், அது தண்டனை. இவனுக்கு எதுவும் பொருந்தும், முதலாவதைத் தவிர.

"பிசாசுன்னே சொல்லிடலாம்" என்றேன்.

"என்ன மெரிகேத்தா?"

"பிசாசு யாரைத் துரத்தும்? பாவியை ஏன் துரத்தணும், அவன்தான் ஏற்கெனவே அதோட பையில இருக்கானே. புனிதர்களைத்தான் துரத்தும். தக்கெலெவை இவ்வளவு பெரிய வாயோட துரத்துதுன்னா அவன் எப்பேர்ப்பட்ட ஆளுன்னு பாருங்கன்னு ஞாயித்துக்கிழமை சொல்றேன். எல்லாரும் கும்பிடுவாங்க."

அவன் முகம் மலர்ந்தது. "சொல்லுங்க."

"கல்லைப் பழைய இடத்துல போடு. சொல்றேன்."

"வேதத்தை விக்கிறீங்களா?"

"நீ கோயிலைக் கட்டி வயலை வாங்கற. நான் ஒரு விளக்கத்தைக் குடுத்து அதைத் திருப்பி வாங்கறேன்."

"ஒரு விளக்கத்துக்கு ஒரு வயலா? விலை ஜாஸ்தி." ஃபெந்தாவின் பக்கம் திரும்பினான். "ரெண்டு கண்ணு வை."

ஃபெந்தா கணக்குச் சொன்னான். தலையை மட்டும் வெட்டி எடுத்து நேர்முகமாக ஒட்டலாம். ஆனால் நேர்முகத்துக்குப் பிடரி அகலம். தக்கெலெ நிற்கும் இடம் வரை பிடரி வந்துவிடும். அதைத் தாண்டினால் வாசல் நிலை, சுவரே இல்லை.

"அப்ப நான்?"

"காலடியில இடம் இருக்கு. கிடக்கலாம்."

"நிக்கணும்."

"நிக்கணும்னா பின்னாலதான், ஐயா. வால் பக்கம்."

தக்கெலெ யோசித்தான். அவன் யோசித்ததை நான் பார்த்தேன். கல்லைப் பழைய இடத்துக்கே நகர்த்தலாம், காலடியில் படுக்கலாம், வாலுக்கு அடியில் நிற்கலாம்.

"நிக்க வை" என்றான்.

சனிக்கிழமை வேலை முடிந்தது. ஞாயிறு காலை பேழை ஊர்வலமாக வந்து உள்ளே போனது. அதன் பிறகு அங்கே தூரிகை நுழையக் கூடாது. ஜனங்கள் சிங்கத்தைப் பார்த்தார்கள். அகன்ற முகம், இரண்டு பெரிய கண்கள். எல்லோரும் விழுந்து கும்பிட்டார்கள். எழுந்த பிறகுதான் பின்பக்கத்தைப் பார்த்தார்கள். வெள்ளைப் போர்வையில் தக்கெலெ, கைகளை மேலே தூக்கியபடி, தூக்கிய வாலுக்கு நேர் கீழே.

"அங்க என்ன பண்றாரு?" என்று ஒருவன் மெல்லக் கேட்டான்.

"மழைக்கு ஒதுங்கியிருக்காரு."

கெப்ரு இருமினார். இருமல் அடங்க நேரமாயிற்று. ஜெனெபெச் மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு வியாழக்கிழமைக் கவலை.

வியாழன் அத்திமரத்தடியில் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தக்கெலெ வந்தால் எழுந்து நிற்பது அவர்கள் பழக்கம். அன்றைக்கு ஒருவரும் எழவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், யாரும் எழாததைக் கண்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

கெப்ருவை மறுபடி கேட்டார்கள்.

"அன்னைக்கு மூடுபனி" என்றார் கெப்ரு. "கல் எங்க இருந்துச்சுன்னு நிச்சயமாச் சொல்ல முடியாது." கொஞ்சம் பொறுத்து, "இப்ப யோசிச்சா, ஓடைப் பக்கம்தான் இருந்துச்சு."

"கோயில் கட்டினவன் நான்" என்றான் தக்கெலெ.

"பாத்தோமே" என்றார் மூத்தவர். "எங்க நிக்கிறேன்னும் பாத்தோம்."

வயல் ஜெனெபெச்சுக்கு என்று முடிவாயிற்று. கல்லைப் பற்றி வேறு யாரையும் விசாரிக்கவில்லை. போன மாதம் தெரியாத நியாயம் இந்த வாரம் அவர்களுக்குத் தெரிந்துவிடவில்லை. ஊர் சிரித்துவிட்ட ஆளின் பக்கம் உட்கார அவர்களுக்குத் துணிச்சல் இல்லை, அவ்வளவுதான். பிடரிப் பக்கம் நின்றிருந்தால் வயலை அவனுக்கே கொடுத்து, ஆசீர்வாதமும் வாங்கிப் போயிருப்பார்கள்.

தீர்ப்புச் சொன்னவர்களுக்கு ஜெயித்தவர் வீட்டில் விருந்து உண்டு. ஆடு அடித்திருப்பாள் என்று நம்பிப் போனார்கள். ஜெனெபெச் எல்லோரையும் உட்கார வைத்து, வறுத்த பார்லியும் தண்ணீரும் வைத்தாள்.

திரும்பும் வழியில் என் வீட்டு வாசலில் நின்று முறையிட்டார்கள்.

"குடிக்க ஒரு வாய் தெல்லா பீர்கூட இல்ல, மெரிகேத்தா. எவ்வளவு பெரிய நியாயம் பண்ணியிருக்கோம் அவளுக்கு."

பார்லியில் உப்பு இருந்ததா என்று கேட்டேன்.

"இருந்துச்சு."

"அப்ப அதிகமாத்தான் செஞ்சிருக்கா" என்றேன்.