கேட்ட விலைக்கு ஒரு பாட்டுப்பெட்டி

மூன்றாவது கடையை விட்டு வெளியே வந்தபோது பொத்தான் வியாபாரிக்கு எரிச்சல் தலைக்கேறியிருந்தது. பொத்தான், ஜிப், கொக்கி என்று துணியில் மாட்டுகிற சாமான்களை மொத்தமாக விற்றுப் பிழைக்கிறவர் அவர். ஒரு பொத்தானை நகத்தால் சுண்டிப் பார்த்தே அது எத்தனை சலவைக்குத் தாங்கும் என்று சொல்லிவிடுவார். இந்த எம்.பி.3 பிளேயர் என்கிற சாமானைச் சுண்டிப் பார்த்தும் ஒன்றும் புரியவில்லை, காதில் வைத்துக் குலுக்கிப் பார்த்தும் புரியவில்லை. தெரியாத சரக்கை வாங்க வருகிறவனின் கதி என்ன என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அப்படிப்பட்டவர்களை நம்பித்தான் அவர் கடையே ஓடுகிறது.

சாமான் அவருக்கு இல்லை, அக்காவுக்கு. அக்கா தையல்கடை வைத்திருப்பவள். கழுத்தில் தைராய்டு புற்றுக்கு ஆபரேஷன் முடிந்து காயம் ஆறிக்கொண்டிருந்தது. உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்ச நோயைச் சுட்டெரிக்க ஒரு மாத்திரை கொடுக்கப்போகிறார்கள். அதை விழுங்கினால் ஆளிடமிருந்தே கதிர் வீசுமாம். அதனால் மூன்று நாள் தனியறை, கனத்த கதவு, பக்கத்தில் யாரும் போகக்கூடாது. அறைக்குள் கொண்டுபோன சாமானுக்கும் அதே தீட்டு. மீட்டர் வைத்துப் பார்த்து, சரி என்று சொன்னால்தான் வெளியே வரும். அதற்கு வாரக்கணக்கிலும் ஆகலாம், நேரே குப்பைக்கும் போகலாம். அக்காவின் போனிலோ ஊரில் பாதிப் பேருடைய இடுப்பளவும் தோளளவும் கிடக்கின்றன. அதை உள்ளே விட்டுவிட்டு வந்தால் கடைக்குப் பூட்டுதான்.

போன் வேண்டாம், சும்மா இருந்துவிட்டு வா என்றால் அதுவும் நடக்காது. தையல் மிஷின் சத்தமும் அதற்கு மேலே பாட்டுச் சத்தமும் இல்லாமல் அக்கா ஒரு பகலைக்கூடக் கழித்ததில்லை. போன தடவை தேதி கொடுத்தபோது, அறைக்குள் போய் நின்று, கதவை ஒருமுறை மூடிக் காட்டச் சொன்னாள். மூடினார்கள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. கதவைத் திறந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்துவிட்டாள். இன்னொரு தடவை தள்ளிப்போட்டால் தான் பொறுப்பில்லை என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். அக்கா அதைவிடக் கறாராகச் சொன்னாள்.

"பாட்டு இருந்தா போறேன். இல்லேன்னா அந்த மாத்திரைய நீயே போய் முழுங்கு."

அட்மிஷன் நாளைக் காலையில்.

வாங்க வேண்டியதற்கு நிபந்தனைகள் வேறு. ஹெட்போன் ஒயர் ஆறாத கழுத்தில் உரசக்கூடாது, ஆகவே பெட்டிக்கே சொந்தமாக வாய் இருக்கவேண்டும். அக்கா மிஷினில் உட்கார்ந்தால் மட்டும்தான் கண்ணாடி போடுவாள், ஆகவே தடவிப் பார்த்தே அமுக்குகிற மாதிரிப் பொத்தான்கள் வேண்டும். விலையைப் பற்றி நர்ஸ் ஒரு யோசனை சொல்லியிருந்தாள்: தொலைந்துபோனாலும் அழாத மாதிரி ஒன்று வாங்கி வாருங்கள். பாவம், நர்ஸுக்கு இந்தக் குடும்பத்தைத் தெரியாது. தொலைந்தால் அழாத மாதிரி ஒரு குண்டூசியைக்கூட அவர்கள் வாங்கியதில்லை.

முதல் கடையில் காட்டியது பார்க்க லட்சணமாக இருந்தது, வாய்தான் இல்லை. ஸ்பீக்கர் எங்கே என்று கேட்டதற்கு, இந்தக் காலத்தில் யார் சார் ஸ்பீக்கரில் கேட்கிறார்கள் என்று கடைக்காரன் அவரையே குற்றவாளி ஆக்கினான். இரண்டாவது கடையில் காட்டியது முழுக்க முழுக்க வழவழவென்று கண்ணாடி; விரலை எங்கே வைத்தாலும் எதையாவது திறந்தது, பாட்டைத் தவிர. ஆயிரக்கணக்கில் பாட்டு கொள்ளும் என்று அட்டைப்பெட்டிமேல் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஏற்றிக் காட்டச் சொன்னார். ஒரு கைப்பிடி பாட்டு போனதும் மூச்சு நின்றுவிட்டது. மூன்றாவது கடையில் பொத்தானும் இருந்தது, ஸ்பீக்கரும் இருந்தது, விலையும் கையைக் கடிக்கவில்லை. பாடவைத்தால் மட்டும், பாடுகிற ஆளைத் தகர டப்பாவில் போட்டு மூடியது போல ஒரு சத்தம். அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டால், விட்ட இடம் மறந்து மறுபடி முதல் பாட்டுக்கே ஓடியது.

"இந்த விலைக்கு இது இவ்வளவுதான் சார் பாடும்" என்றான் கடைக்காரன். நியாயமான பேச்சு. அதே பேச்சை அவரும் தம் கடையில் தினம் பேசுகிறார், வேறு ஒருவன் வாயிலிருந்து கேட்கும்போது உடம்பெல்லாம் எரிந்தது.

நான்காவது கடையில் சாமான் அவருக்காகவே காத்திருந்தது.

உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு. பொத்தான்கள் உருண்டு திரண்டு, நல்ல கோட்டுப் பொத்தான் போல விரலுக்குத் தட்டுப்பட்டன. அமுக்கினால் 'டக்' என்று பதில் சொன்னன. குரல் குரலாகவே கேட்டது. அணைத்துப் போட்டார், விட்ட வரியிலிருந்து பாடியது. கடையில் அது ஒன்றுதான் பாக்கி என்றாள், கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த கடைக்காரி. விலை, அவர் மனதில் போட்டுவைத்திருந்ததற்குக் கொஞ்சம் மேலே.

பிடித்த சரக்கைச் செத்த எலியைப் பார்ப்பது போலப் பார்க்கவேண்டும் என்பது அவர்கள் குடும்பத்துப் பழக்கம். அவர் மூக்கைச் சுளித்தார். கலர் மட்டமாக இருக்கிறதே என்றார். ஆமாம் சார், கொஞ்சம் மட்டம்தான் என்று அவள் ஒப்புக்கொண்டாள். கனமே இல்லையே, உள்ளே சாமான் இருக்கிறதா என்றார். லேசாகத்தான் இருக்கும் என்று அதற்கும் தலையாட்டினாள். எதிராளி இல்லாத மல்யுத்தம் போல ஆகிவிட்டது பேரம். கடைசியில் அவர் ஒரு விலை சொன்னார். அவள் கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை, சுவரில் மாட்டியிருந்த பலகையைக் காட்டினாள். அங்கே பேரம் பேச வேண்டாம் என்று மரியாதையாக எழுதியிருந்தது.

பலகைகளை அவர் நம்புகிறவர் இல்லை. அவர் கடையிலும் ஒன்று தொங்குகிறது.

ஆகவே திரும்பி நடந்தார். அந்தக் குடும்பத்தில் அது ஒரு கலை. வேகமாக நடந்தால் கோபம் என்று நினைத்து விட்டுவிடுவார்கள், மெதுவாக நடந்தால் ஆசை தெரிந்துவிடும். வேறு எங்கோ வேலை இருக்கிறவன் போல நடக்கவேண்டும். வாசலில் குனிந்து செருப்பைச் சரிசெய்ய வேண்டும், அதுதான் கடைக்காரனுக்குக் கொடுக்கிற அவகாசம். அந்த நேரத்தில் முதுகுக்குப் பின்னால், சரி, வாங்க என்று ஒரு குரல் வரும். வராமல் இருந்ததே இல்லை.

செருப்பைச் சரிசெய்தார். அடுத்த செருப்பையும் சரிசெய்தார். இதற்குமேல் சரிசெய்ய அவரிடம் கால் இல்லை. உள்ளே அவள் கண்ணாடி அலமாரியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

தானாகத் திரும்பிப் போவதைவிட அவமானம் வேறில்லை. தெருவில் இறங்கிவிட்டார். பக்கத்துத் தெருவையும் அலசினார். கிடைத்ததெல்லாம் முதல் மூன்று கடைச் சரக்கின் சித்தப்பா பிள்ளைகள். நடந்து நடந்து நாக்குத் தள்ளிய நேரத்தில் அக்கா போனில் கூப்பிட்டாள். வாங்கியாச்சா என்று கேட்ட குரலில் ஒரு நடுக்கம் இருந்தது. வாங்கவில்லை என்று சொன்னால், அப்படியானால் நான் போகவில்லை என்று அவள் சொல்லிவிடுவாள். அந்த நடுக்கம் அதற்குத்தான் காத்திருந்தது.

"வாங்கிட்டேன்கா."

"நல்லா பாடுதா?"

"ஜோரா பாடுது."

அப்படியானால் பையை அடுக்குகிறேன் என்று போனை வைத்தாள். மானம் மரியாதை எல்லாம் அந்த நிமிடத்தோடு போயிற்று. அவர் ஏறக்குறைய ஓடினார்.

கடைக்காரி அவரை அடையாளம் கண்டுகொண்டு, வருத்தமாகவே சொன்னாள். அவர் இறங்கிய சூட்டோடு சூட்டாக இன்னொருவர் வந்து, கேட்டதைக் கொடுத்து வாங்கிவிட்டாராம். இதோ, பாட்டு ஏற்றிக்கொள்ள இன்னும் இங்கேதான் நிற்கிறார் என்று உள்மேஜையைக் காட்டினாள்.

நின்றது, காய்கறி மண்டியில் தரகு பார்க்கிற ஒரு பெண்மணி. ஏலம் விட்டு விட்டுக் கரகரத்த குரல். போனில் பாட்டுக் கேட்டால் பாதியில் யாராவது கூப்பிட்டுத் தக்காளி விலை கேட்கிறார்களாம், அதற்காக இது. பொத்தான் வியாபாரி தம் நிலைமையை உருக்கமாக எடுத்துச் சொன்னார். அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்பதைச் சொல்லும்போது அவர் குரலே உண்மையாகக் கம்மியது.

"எங்க மண்டிக்கு வர்ற எல்லாருக்கும் வீட்ல அக்காவுக்கு உடம்பு சரியில்லதான் அண்ணே" என்றாள் தரகுக்காரி. "விலையச் சொல்லுங்க."

கடை விலையையே தருவதாகச் சொன்னார். அவள் அதன்மேல் ஒரு விலை சொன்னாள். கடை விலையைவிட மேலே எப்படி என்று அவர் நியாயம் கேட்டார். கடையில்தான் சரக்கு இல்லையே, இப்போது கடை நான்தான் என்றாள் அவள். அவர் பாதி வழி ஏறிவந்தார். அவள் பிளேயரைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். மட்டமான ஜிப், அவர் விற்கிற ரகம்தான். வேறு எங்கோ வேலை இருக்கிறவள் போல நடந்தாள். வாசலில் குனிந்து செருப்பில் கை வைத்தாள்.

அவருக்குத் தெரியாத நடையா அது. தெரிந்திருந்தும் அவர் கை பர்சுக்குப் போயிற்று. ஒருவேளை இவள் நிஜமாகவே போய்விட்டால்?

"சரி, வாங்க" என்றார். பிறந்ததிலிருந்து மற்றவர்கள் தன்னைப் பார்த்துச் சொன்ன வார்த்தையைத் தானே சொல்லி, அவள் கேட்டதை எடுத்து வைத்தார். கடைக்காரி இதையெல்லாம் பார்த்தும் பார்க்காதது போல அலமாரிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தது, எரிகிற இடத்தில் இன்னும் கொஞ்சம் எண்ணெய்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி, தரகுக்காரியின் பாட்டுகளை அழித்துவிட்டு நாத்தனாரின் பாட்டுகளை ஏற்றிக் கொடுத்தாள். விலையைக் கேட்கவில்லை. "உங்க மூஞ்சியிலயே பில் ஒட்டியிருக்கு" என்றதோடு சரி.

மறுநாள் காலை, ஆஸ்பத்திரி நடையில் அக்கா பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பிளேயரை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு தடவி, அமுக்கினாள். பாடியது. அக்காவின் தோள் இரண்டும் கொஞ்சம் இறங்கின. தம்பிக்கு அதைப் பார்த்ததும்தான் மூச்சு வந்தது. ஆனால் அவள் அந்த வீட்டுப் பெண் ஆயிற்றே. அடுத்த கேள்வி என்ன விலை என்பதுதான்.

அவர் குறைத்துச் சொன்னார். அக்கா ஒரு பொத்தானை நகத்தால் சுண்டினாள்.

"இந்த விலைக்கு இந்தப் பொத்தானே வராது. திருட்டுச் சரக்காடா?"

சரி என்று கடை விலையைச் சொன்னார். எவ்வளவு குறைத்தாய் என்று கேட்டாள். அங்கே பேரம் கிடையாது என்றார். பேரம் கிடையாத கடையில் உனக்கென்ன வேலை என்று அவள் துருவ, பதில் சொல்லச் சொல்ல அவருக்கு நேற்றைய எரிச்சல் முழுக்கத் திரும்பிவந்தது.

"கடை விலைக்கு மேல குடுத்துத்தான் வாங்கினேன். போதுமா?"

அக்கா பிளேயரை அணைத்தாள்.

"டாக்டர் உன்கிட்ட தனியா என்ன சொன்னாரு?"

அவருக்கு முதலில் விளங்கவில்லை. ஒன்றும் சொல்லவில்லையே என்றார்.

"பொய் சொல்லாத. நீ ஒரு சாமானுக்கு மேல போட்டுக் குடுத்திருக்கேன்னா, நான் பொழைக்க மாட்டேன்னு யாரோ உனக்குச் சொல்லியிருக்கணும். என்னன்னு சொல்லு. சொல்லாம நான் உள்ள போகப்போறதில்ல."

உள்ளேயிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்து, நேரமாகிறது என்றாள். அவர் சத்தியம் செய்தார். அக்கா நம்பவில்லை. டாக்டரையே கூப்பிடட்டுமா என்றார். டாக்டரும் நீயும் பேசிவைத்துக்கொண்டிருப்பீர்கள் என்றாள். நோய் தீரும் என்று ரிப்போர்ட்டில் எழுதியிருப்பதைவிட, தம்பி கொடுத்த விலை அவளுக்குப் பெரிய ரிப்போர்ட்டாக இருந்தது. அதைப் பொய்யாக்க அவரிடம் ஒரே வழிதான் மிச்சம்.

சொன்னார். கலர் மட்டம் என்றதையும், பலகையையும், திரும்பி நடந்ததையும், இரண்டு செருப்பையும் சரிசெய்து முடித்தும் யாரும் கூப்பிடாததையும், கடைசியில் ஒரு தக்காளித் தரகுக்காரியைத் தானே கூப்பிட்டதையும், ஒன்று விடாமல், எட்டிப் பார்த்த நர்ஸ் காதிலும் விழும்படி சொன்னார். இப்படி ஒரு கேவலத்தை அந்தக் குடும்பத்தில் ஒருவன் கற்பனையாகச் சொல்லமாட்டான் என்று அக்காவுக்குத் தெரியும். தரகுக்காரி செருப்பில் கை வைத்த இடம் வந்ததும் கழுத்தைக் கையால் தாங்கிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்து முடித்து, பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். கனத்த கதவுப் பக்கம் போனவள் ஒரு வினாடி நின்றாள்.

"எனக்காகத்தான் விலை பாக்காம வாங்கிட்டியோன்னு ஒரு நிமிஷம் நெனச்சேன்டா."

அவர் பதில் தேடுவதற்குள் கதவு மூடிக்கொண்டது. தேடியிருந்தாலும் என்ன சொல்வது? ஆமாம் என்றால் மறுபடி பயந்துபோய் வெளியே வந்துவிடுவாள். இல்லை என்று வாயால் சொல்லவும் அவருக்கு மனம் வராது.

அந்தக் கதவிலிருந்து ஒரு முணுமுணுப்பும் வெளியே வரவில்லை. பாடுகிறதா என்று நர்ஸிடம் கேட்டார். நர்ஸ் மேஜைமேல் இருந்த சின்னத் திரையைக் காட்டினாள். படம் மட்டும்தான், சத்தம் வராது என்றாள். மாத்திரையை விழுங்கிவிட்டு அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் பிளேயர். இன்னொரு கையால் அதன் முதுகில் தட்டிக்கொண்டிருந்தாள். தாளம் போடுகிறாளா, பாடாமல் மக்கர் பண்ணுகிற பெட்டியை மொத்துகிறாளா என்று தெரியவில்லை. அவர் திரையோடு மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தார்.

"ஒயரு, இன்டர்காம், எதுலயாவது சத்தம் கேக்குற மாதிரி ஏதாவது இருக்காம்மா?"

சாயங்காலம்தான் இன்டர்காம் என்றாள் நர்ஸ்.

திரையில் அக்காவின் உதடுகள் அசைய ஆரம்பித்தன. கூடவே பாடுகிறாளோ, அவரைத் திட்டுகிறாளோ. தலை மட்டும் மெல்ல ஆடியது. அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். இங்கே உட்காரக்கூடாது என்று நர்ஸ் சொன்னாள். இன்னும் கொஞ்ச நேரம், ஒரு பாட்டு முடியும்வரை என்று அவளிடம் பேரம் பேச ஆரம்பித்தார்.