எதிர்வெயிலில் எடுத்த படம்

அந்தப் படத்துக்கு மதராஸில் பரிசு கிடைத்தது. அதில் நடந்து போகிறவர் என் புருஷன் சிங்காரவேல். நான் சொன்னால்தான் யாருக்கும் தெரியும்.

அவர் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் கூலி. வெட்டிய மண்ணைக் கொட்டிக் கொட்டி மலைபோலாகிவிட்ட மேட்டுக்கு இந்தப் பக்கம் எங்கள் குடிசை. அறுபத்து நாலில், மாசி மாதம், நகரியத்தில் ஸ்டூடியோ வைத்திருந்த ராஜேந்திரன் சைக்கிளில் வந்தார். கேரியரில் கேமராப் பெட்டியும் மூன்று கால் ஸ்டாண்டும். மேட்டின் மேல், பாதி மண்ணில் புதைந்தும் தப்பி நின்ற ஒற்றைப் பனையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு, வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்த இவரிடம் வந்தார்.

"ஏம்பா, நாளைக்குக் காலையில ஒரு போட்டோவுக்கு நிக்கிறியா?"

"நானா சார்? தனியாவா?"

"தனியாத்தான்."

எங்கள் பக்கத்தில் அதுவரை யாரும் தனியாகப் படம் எடுத்துக்கொண்டதில்லை. எங்கள் கல்யாணத்துக்கே படம் கிடையாது. அன்று சாயங்காலமே சவரம் செய்துகொண்டார். மறுநாள் இருட்டோடு எழுந்து குளித்து, பொங்கலுக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டு, எண்ணெய் வழிய வகிடெடுத்து, திருநீறு பூசிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"எப்படி கீறேன்?"

"பொண்ணு பாக்கப் போற மாதிரி இருக்கீங்க."

"போனா வேணாம்னு சொல்லுவியா?"

"எவ பொண்ணு குடுப்பா? போய்க் கேட்டுப் பாருங்க."

சிரித்துக்கொண்டே நடந்தார். நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் போனேன்.

ராஜேந்திரன் இவரைக் கண்டதும் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"சட்டையைக் கழட்டுப்பா. தலையில துண்டைக் கட்டு. மம்பட்டி இருக்கா? தோள்ல போட்டுக்கோ."

"தலை சீவிக்கினு வந்தேனே சார்."

"தலையெல்லாம் தெரியாதுப்பா."

இவர் என்னைப் பார்த்தார். சட்டையைக் கழற்றி, மடித்து, என்னிடம் கொடுத்தார். சீவின முடி கலையக் கூடாது என்று துண்டைத் தளர்த்திக் கட்டிக்கொண்டார்.

பனையை ராஜேந்திரன் படத்தின் நடுவில் வைக்கவில்லை. நடுவில் வைத்தால் படம் செத்துவிடும் என்றார். வலது ஓரத்துக்கு அதைத் தள்ளிவிட்டு, இடது பக்கத்திலிருந்து மரத்தை நோக்கி மேட்டின் விளிம்பில் நடந்து வரும்படி இவரை ஏற்றிவிட்டார். சூரியன் மேட்டுக்குப் பின்னாலிருந்து கிளம்பிக்கொண்டிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"சார், வெயிலு அவருக்குப் பின்னாடி இருக்குதுங்களே. நீங்க அந்தப் பக்கமாப் போனா மூஞ்சி நல்லாத் தெரியுமுங்களே."

"அங்கேருந்து எடுத்தா மேடு சப்பையாப் போயிடும்மா. வெயில் எதிர்ல இருந்தாத்தான் விளிம்பு மின்னும், மழை அரிச்சதெல்லாம் கோடு கோடா எழும்பி வரும். ஆளும் கறுப்பா நிக்கணும்."

"அப்ப ஆளு எதுக்குங்க?"

"ஆளு இல்லேன்னா மேடு எவ்ளோ பெரிசுன்னு பாக்கறவனுக்கு எப்படித் தெரியும்?"

திரும்பத் திரும்ப நடக்கவிட்டார். ஒவ்வொரு தடவையும் மரத்தை நெருங்கியதும் இவர் எங்கள் பக்கம் முகத்தைத் திருப்பிச் சிரித்தார். "இங்க பாக்காதப்பா! நேரா பாத்து நட!" என்று ராஜேந்திரன் கீழேயிருந்து கத்தினார். கடைசியில் இவர் நேராகப் பார்த்து நடந்தார். அதுதான் பரிசு வாங்கியது.

ஐப்பசி மழையில் இவருக்குக் காமாலை கண்டது. தீபாவளிக்கு ஆள் இல்லை.

குவார்ட்டர்ஸ் வீடுகளில் செத்தவர் படத்துக்கு மாலை போட்டு, நெற்றியில் பொட்டு வைத்துக் கும்பிடுவதைப் பார்த்து எங்கள் சனத்துக்கும் அந்த ஆசை வந்திருந்த நேரம் அது. "அண்ணனைத்தான் போட்டோ புடிச்சாங்களே, போய் வாங்கிக்கினு வாங்க அண்ணி" என்றாள் நாத்தனார் தனம். எனக்கு மாலையைவிடப் பிள்ளைதான் நினைப்பு. வளர்ந்து, அப்பா முகம் எப்படி என்று கேட்பானே, காட்ட ஒன்று வேண்டாமா?

ஸ்டூடியோ வாசலில், கண்ணாடிக்குப் பின்னால், படம் பெரிதாக மாட்டியிருந்தது. அடியில் 'உதயம்' என்று எழுதியிருந்தது. வானம், மேடு, பனை. அரிசி உயரத்துக்கு ஒரு கறுப்பு ஆள். முகத்தை மட்டும் பெரிதாக்கித் தரச் சொன்னேன். ராஜேந்திரன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அதுல மூஞ்சி இல்லம்மா."

"இருட்டாத்தானே இருக்குது? வெளுக்க வெக்க முடியாதுங்களா?"

"வெளிச்சம் விழுந்ததுதாம்மா பிலிம்ல பதியும். அவர் மூஞ்சியில விழல. விழாமப் பாத்துக்கிட்டதே நாந்தான்."

"திரும்பிச் சிரிச்சாரே, அந்தப் படம்?"

"அதுலயும் கறுப்புத்தான். அதையெல்லாம் அப்பவே தூக்கிப் போட்டுட்டேன்."

வாசலில் இருந்ததையே கழற்றி, சட்டத்தோடு கொடுத்தார். காசு வாங்கவில்லை. நல்ல மனுஷர் என்று எல்லோரும் சொன்னார்கள். படமும் அழகானதுதான். அதை நான் எப்போதும் மறுத்ததில்லை.

காரியத்தன்று படத்தைப் பலகையில் சாய்த்து மாலை போட்டார்கள். தனம் குங்குமத்தைத் தொட்டுக்கொண்டு வந்து, விரலை நீட்டியபடி நின்றுவிட்டாள்.

"அண்ணி, எங்க வெக்கறது?"

என் மடியிலிருந்த பிள்ளை பனைமரத்தைக் காட்டி, "அப்பா" என்றான். இதுதான் அப்பா என்று யாரோ படத்தைக் காட்டிச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

"அது மரம்டா" என்றேன். தனத்திடம், "அவரு மேலயே வை" என்றேன்.

வைத்தாள். விரலை எடுத்தபோது அவர் இல்லை. வானமும் பனையும் மேடும் இருந்தன. ஆள் போனதும் அத்தனை பெரிய மேடு வயல் வரப்பு மாதிரி ஆகிவிட்டது.