மிச்சமில்லாத வீடு

குப்பையை இரண்டாகப் பிரித்துப் போடுங்கள் என்று சொன்னால், சொத்தைப் பிரித்துக் கொடு என்று கேட்டதுபோல முழிக்கிற ஜனங்களோடு ஒன்றரை வருஷம் மாரடித்தேன். என் பெயர் பரிபூரணம். ராஜபாளையத்தில் ஏழெட்டுத் தெருவுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரில் நாலு தெருவுக்கும் நான் 'குப்பை டீச்சர்'. அதற்கு முன்னால் நிஜமாகவே டீச்சராகத்தான் இருந்தேன், எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு. அதுகளாவது சொன்னால் கேட்கும்.

தொண்ணூற்று நாலில் சூரத்தில் பிளேக் என்று பேப்பரில் வந்ததும் எங்கள் ஊர்ப் பெரிய மனிதர்களுக்குத் திடீரென்று சுத்தம் ஞாபகம் வந்துவிட்டது. அதுவரை சாக்கடையைத் தாண்டும்போது வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொள்வதோடு சரி. பஞ்சு ஜின்னிங் பேக்டரி முதலாளி சௌந்தரபாண்டியனைத் தலைவராகப் போட்டு 'நகர் தூய்மைக் கழகம்' என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். வீட்டுக்கு இரண்டு பிளாஸ்டிக் வாளி. பச்சை வாளியில் அழுகுவது, சிவப்பு வாளியில் அழுகாதது. பச்சை வாளி உரக்குழிக்குப் போகும். சிவப்பு வாளி பழைய சாமான் கடைக்குப் போகும். அவ்வளவுதான் சங்கதி. இதை வீடு வீடாகப் போய் விளக்கவும், வாளியைத் திறந்து பார்க்கவும் என்னை வேலைக்கு வைத்தார்கள். தலைவர் வீட்டுக்குத்தான் முதலில் போனேன். இரண்டு வாளியையும் வைத்து டிரைவர் கார் கழுவிக்கொண்டிருந்தான்.

ஒருத்தி பச்சை வாளியில் அரிசியைக் கொட்டி மூடி வைத்திருந்தாள். "புது வாளிக்கா, இதுலயா குப்பையப் போடுவாக?" என்று என்னையே கேட்டாள். ரிட்டயர்டு தாசில்தார் ஒருவர், "சாமிக்குப் போட்ட பூவும் கோழி எலும்பும் ஒரே வாளியிலயா? நல்லாருக்கே ஒங்க திட்டம்! மூணாவதா ஒரு வாளி வாங்கிட்டு வாம்மா" என்றார். இன்னொரு வீட்டில் என் தலையைக் கண்டதும் சனியன் வந்துவிட்டது என்று தெலுங்கில் உள்ளே குரல் கொடுத்தாள் அந்த அம்மாள். எனக்குத் தெலுங்கு தெரியாது என்று அவளுக்கு நினைப்பு. அடுத்த வாரம் நான் அவளிடம் தெலுங்கிலேயே குசலம் விசாரித்தேன். அன்றிலிருந்து குப்பை ஒழுங்காகப் பிரிந்து வந்தது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். பச்சை வாளியைத் திறந்தால் கிடக்குமே வெள்ளை வெளேரென்று சோறு, அதைப் பார்த்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மில்லில் ராத்திரி ஷிப்டு பார்த்துவிட்டு வருகிற ஆள் வீட்டிலும் அதே கதி, கார் வைத்திருக்கிறவன் வீட்டிலும் அதே கதி. பொங்கத் தெரியாது, அளக்கத் தெரியாது, கொட்ட மட்டும் தெரியும். "ஏட்டி, எம்புட்டுச் சோறு! கொட்டும்போது கை கூசலையா?" என்று கேட்டால், "மிச்சமாயிருச்சு, என்ன செய்ய?" என்று பதில் வரும். வெட்கம் கெட்ட ஜென்மங்கள்.

என் வீட்டிலேயே ஒருத்தி இருந்தாள். தங்கச்சி ஜெபக்கனி. அம்மா போனபோது அவள் பாவாடை கட்டுகிற வயசு. ஊட்டி வளர்த்தது நான்தான். ஒரு கவளம் தின்றால் இரண்டு கவளத்தைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். கறிவேப்பிலை ஒரு பக்கம், கடுகு ஒரு பக்கம், தக்காளித் தோல் ஒரு பக்கம் என்று தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைப்பாள். "ஒழுங்கான வீட்டுல வாக்கப்பட்டாத்தான் நீ உருப்படுவ" என்று நான் கத்துவேன். "நீயே பாத்து வையிக்கா" என்று சிரிப்பாள். நானும் பார்த்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் பார்த்த தெருக்களில் ஏசம்மாள் என்று ஒரு அம்மா இருந்தார்கள். வீட்டுக்காரர் இல்லை. ஹார்டுவேர் கடையைச் சின்ன மகன் ஜெபதுரை பார்த்துக்கொண்டார். பெரிய மகன் துபாயில். அவர் மனைவி தங்கபுஷ்பம் மாமியாரோடு இருந்தாள். முன்வாசலில் ஒரு ராஜபாளையம் ஜாதி நாய், வெள்ளைச் சட்டை போட்ட மாதிரி மினுமினுவென்று கட்டிக் கிடக்கும்.

அந்த வீட்டுப் பச்சை வாளியை முதல் தடவை திறந்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. காலி. அடுத்த வாரமும் காலி. காய்த் தோல் பக்கத்து வீட்டு ஆட்டுக்கு, முட்டைத்தோடு ரோஜாச் செடிக்கு, டீத்தூள் முருங்கை மரத்து மூட்டுக்கு என்று ஏசம்மாள் ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். சிவப்பு வாளியில் பால் கவரைக்கூடக் கழுவிக் காயவைத்துப் போட்டிருந்தார்கள். மாத்திரை அட்டைகளைப் பூராவும் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தார்கள். வயிற்றுவலி மாத்திரை. அடடா, அட்டையைக்கூட அடுக்கி வைக்கிறார்களே என்று மெச்சினேனே தவிர, வயிற்றுவலி யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

"மிச்சச் சோத்த என்னம்மா செய்யுதிய?" என்றேன்.

"எங்க வீட்டுல மிச்சமே கெடையாது. ஆண்டவர் குடுத்த ஆகாரம். ஒரு பருக்கை வெளிய போகாது" என்றார்கள்.

அந்த நிமிஷமே அந்த அம்மாவின் காலில் விழுந்திருப்பேன். இரண்டு ஊரிலும் மனுஷி என்று ஒருத்தி இருக்கிறாளே என்று தோன்றியது. கழகத்தில் போய்ச் சொன்னேன். தலைவருக்கு மேடை என்றால் போதுமே. 'மாதிரி இல்லம்' என்று அறிவித்து, ஏசம்மாளுக்கு ஓர் எவர்சில்வர் அண்டாவைக் கொடுத்து, மைக்கைப் பிடித்து, "தாய்மார்களே, இந்த அம்மாவிடம் சிக்கனம் கற்றுக்கொள்ளுங்கள்" என்று முழங்கினார். அவர் வீட்டு வாளிகள் அன்றைக்கும் கார்தான் கழுவிக்கொண்டிருந்திருக்கும்.

ஜெபதுரைக்குப் பெண் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் நான்தான் பேச்சை எடுத்தேன். அவர்களும் வந்து ஜெபக்கனியைப் பார்த்தார்கள், பிடித்துப்போனது. மில்லில் ரிட்டயர்டு ஆகி வீட்டோடு இருந்த எங்கள் அப்பா சத்தியநேசனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர் அதிகம் பேசாத ஆள்; அன்றைக்குப் பஸ் கண்டக்டரிடம்கூட, "சின்னவளுக்கு வில்லிபுத்தூர்ல எடம் அமைஞ்சிருக்கு" என்று சொன்னார். மாப்பிள்ளை வீட்டைப் பார்த்து, தேதியை உறுதி செய்துவிட்டு வருவதற்காக அப்பாவும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். அப்பா சரியென்று ஒரு வார்த்தை சொன்னால் கல்யாணம்.

சர்ச் முடிந்து வந்து கோழிக்குழம்பு வைத்திருந்தார்கள். முதலில் அப்பாவும் ஜெபதுரையும் உட்கார்ந்தார்கள். பிறகு ஏசம்மாளும் நானும். தங்கபுஷ்பம் பரிமாறினாள். கழுத்தெலும்பு தெரிகிற உடம்பு. "நீயும் உக்காரேன்" என்று சொன்னேன். "அவ பொறவு சாப்பிடுவா" என்று ஏசம்மாள் பதில் சொன்னார்கள்.

கை கழுவப் பின்பக்கம் போனேன். அடுப்படி வாசலில் தங்கபுஷ்பம் குந்தியிருந்தாள். நாங்கள் சாப்பிட்ட தட்டுகள் வரிசையாகப் பக்கத்தில். ஒவ்வொரு தட்டாக எடுத்து, ஒட்டியிருந்த சோறு, ஒதுக்கி வைத்த வெங்காயம், குழம்பின் அடிக்கசண்டு எல்லாவற்றையும் விரலால் வழித்து ஒரு கிண்ணத்தில் சேர்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் அப்பாவுக்குப் பாதிப் பல் இல்லை. அவர் மெல்ல முடியாமல் பாதியில் வைத்த கோழித்துண்டு அந்தக் கிண்ணத்தில் கிடந்தது.

"நாய்க்கா?" என்று கேட்டேன்.

"நாய்க்குத் தனியாப் பொங்குவோம்க்கா. மிச்சம் போட்டா அதுக்குத் தோல்ல சொறி வந்துரும்னு அத்தை சொல்லுவாக" என்றாள்.

"அப்ப இது?"

"எனக்குத்தான்க்கா."

எனக்குப் புரியவில்லை. புரிந்தபிறகும் புரியாத மாதிரிதான் நின்றேன். "தினமுமா?"

"நேத்து வச்சது இருந்தா மொதல்ல அது. பொறவு இது. இவுக துபாய் போனதுல இருந்து இப்படித்தான். செல நாளு புளிச்சுப் போயிருக்கும், அன்னைக்கு ராத்திரி பூரா வயிறு வலிக்கும். மாத்திரை வாங்கித் தருவாக." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. "ஒங்க தங்கச்சி வந்துட்டா ரெண்டு பேரும் பங்கிட்டுக்கிடலாம்னு அத்தை சொல்லியிருக்காக. எனக்குப் பாதிதான் வரும்."

என் ஜெபக்கனி கறிவேப்பிலையை ஒதுக்குகிறவள். தக்காளித் தோலை எடுத்து வைக்கிறவள். அவளைக் கொண்டுவந்து இந்த வாசலில் குந்த வைக்கத்தான் நான் பஸ் ஏறி வந்திருக்கிறேன்! தெருத்தெருவாக ஊரார் வாளியைத் திறந்து திறந்து பார்த்தேனே, இந்த வீட்டு வாளி கண்ணெதிரே சேலை கட்டி நின்று எனக்குச் சோறு பரிமாறியதே!

கிண்ணத்தை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு கூடத்துக்குப் போனேன். அப்பா பாயில் உட்கார்ந்து பால்கோவாவை விரலில் தொட்டு நக்கிக்கொண்டிருந்தார். ஏசம்மாள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள்; ஜெபதுரை நாற்காலியில் இருந்தார். அவர் மடிக்கு நேரே கிண்ணத்தை நீட்டினேன்.

"மாப்பிள்ளை, ஒரு வாய் சாப்பிடுங்க."

அவர் எட்டிப் பார்த்தார். முகம் கோணியது. கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார். "சீ! எச்சிச் சோறு. இத மனுசன் திம்பானா?"

"ஒங்க மதினி திங்காக. அன்னாடம்."

அவர் தன் அம்மாவைப் பார்த்தார். தெரியாமல் பார்க்கவில்லை; தெரிந்ததை ஏன் வெளியே சொன்னாய் என்கிற மாதிரி பார்த்தார். வீட்டில் வளர்ந்த எருமைக்கன்று. மூக்கைப் பொத்த மட்டும் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஏசம்மாள் பதறவே இல்லை. "எதுக்குக் கத்துத? நானும் இந்த வீட்டுக்கு மருமகளா வந்தவதான். எங்க மாமியா தட்ட வழிச்சுத் தின்னவதான். வீணாக்காதிய, கொட்டாதியன்னு தெருத்தெருவாச் சொல்லிட்டுத் திரிஞ்சது யாரு? நீதானட்டி? நீதான எனக்கு அண்டா வாங்கித் தந்த?"

"அப்ப நாய்க்கு எதுக்குத் தனியாப் பொங்குதிய?"

"நாய் என்ன வெலைன்னு ஒனக்குத் தெரியுமா?" என்றார்கள். கிண்டலாகக் கேட்கவில்லை. எனக்கு விவரம் போதாது என்று நினைத்து, பொறுமையாகத்தான் கேட்டார்கள்.

காறித் துப்பத்தான் தோன்றியது. துப்பினால் அதையும் துடைக்க அந்தப் பெண்தான் வரவேண்டும். அப்பா பக்கம் திரும்பினேன். அவர் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பால்கோவா இலை கையிலிருந்து நழுவிவிட்டது.

"அந்தத் துண்டு நான் கடிச்சு வச்சது" என்றார்.

"ஆமாப்பா."

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சட்டைப் பித்தானைச் சரிசெய்துகொண்டார். "எம் மக இந்த வீட்டுக்கு வரமாட்டா" என்று ஏசம்மாளைப் பார்த்துச் சொன்னார். அவர் வாழ்நாளில் ஒருவர் முகத்துக்கு நேரே அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. ஏசம்மாள் சேலையை உதறிக்கொண்டு எழுந்து, "ஊர்ல பொண்ணுக்கா பஞ்சம்?" என்றார்கள்.

தங்கபுஷ்பம் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். நான் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்தேன். "நீயும் கெளம்பு. எங்ககூட வா. எங்க வீட்டுல ஒனக்கு ஒரு வாய் சோறு இல்லாமயா போகும்?"

அவள் தன் அத்தையை ஒரு பார்வை பார்த்தாள்.

"அப்ப ஒங்க தங்கச்சி வரமாட்டாகளாக்கா?" என்று கேட்டாள்.

"மாட்டா."

அவள் என் கையை மெதுவாக விலக்கிவிட்டு, குனிந்து கிண்ணத்தை எடுத்தாள்.

"நான் இன்னும் சாப்பிடலக்கா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குத் திரும்பிப் போனாள்.