மஞ்சள் புள்ளி

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்குப் பல் டாக்டரின் கார், அவர் வீட்டு முற்றத்திலேயே, நான்காவது முறையாகச் செத்துப்போனது.

வெள்ளைக் கார். இரண்டே இருக்கை, மடக்கித் திறக்கும் துணிக்கூரை. டாக்டரைவிட மூன்று வயது இளையது. தெருவில் போனால் ஆட்கள் நின்று பார்ப்பார்கள். போனால்தானே.

கரண்ட் அக்கா பானட்டைத் தூக்கினாள். பழைய கார் வைத்திருப்பவர்கள் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஊரில் அப்படிப் பதினொரு கார். பதினொன்றும் ஒரே சங்கம். பதினொன்றுக்கும் ஒயரிங் வேலை அவளுடையது. சங்கத்தின் தலைவர் பல் டாக்டர்.

முதல் தடவை மெயின் ஃபியூஸ் பிடியை விட்டு நழுவிக் கிடந்தது. இரண்டாவது தடவை பாட்டரியின் எர்த் ஒயர். மூன்றாவது தடவை இக்னிஷன் காயிலின் ஒயர். மூன்றையும் கால் மணி நேரத்தில் சரிசெய்தாள். ஆனாலும் நெஞ்சில் முள்ளாக ஒன்று குத்திக்கொண்டே இருந்தது. பழைய ஒயர் கருகும், அறும், எலி கடிக்கும். இவை கழற்றப்பட்டிருந்தன. கழன்ற நட்டும் வாஷர்களும் பாட்டரித் தட்டின் ஓரத்தில், சிறியதிலிருந்து பெரியதுவரை, வரிசையாக இருந்தன. எந்த எலி வாஷர் அடுக்கும்?

இன்று டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தாள். உள்ளே ரோட்டர் இல்லை. கட்டைவிரல் நீளக் கறுப்புத் துண்டு, தலையில் ஒரு பித்தளைத் தகடு. அது சுழன்றால்தான் நான்கு பிளக்குக்கும் முறை வைத்து நெருப்புப் போகும்.

இடது பக்கக் கதவருகே போய் நின்றாள்.

"சார், ரோட்டரைக் காணோம். யாரோ எடுத்திருக்காங்க."

டாக்டர் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி, ஆளில்லாத வலது பக்கத்தைப் பார்த்துப் பேசினார். முகம் பார்த்துப் பேசக்கூட மனசில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"அந்த மூடிக்குள்ள என்ன இருக்கும்னு தெரிஞ்சவங்க இந்த ஊர்ல எத்தனை பேரும்மா?"

"நானும் என் தம்பியும்."

"நானும் அதைத்தான் யோசிச்சேன்."

அவளுக்குக் காது சுட்டது.

"சனிக்கிழமை சங்கத்துக் கார் எல்லாம் மலைக்குப் போகுது. முன்னாடி போறது என் கார். அது போகலைன்னா ஏன்னு பத்துப் பேரும் கேப்பாங்க. நான் பொய் சொல்ற ஆள் இல்ல."

பத்துப் பேர் கேட்டால் பத்துக் காரும் கைவிட்டுப் போகும். பிறகு திருடி என்ற பெயரோடு யார் வீட்டு பானட்டைத் தூக்குவது?

டாக்டரின் மனைவி தட்டில் தண்ணீர் கொண்டுவந்தார். தம்ளரை மூடிய துணி நான்கு மூலையும் பிசகாமல் மடிக்கப்பட்டிருந்தது.

"குடிம்மா. வெயில்ல நிக்கறியே."

வெளியே வரும்போது கேட்டைப் பார்த்தாள். இடது தூணில் வெள்ளைப் பெயின்ட் ஈஷியிருந்தது. போன மாதம் அது இல்லை.

தம்பிக்கு வேலை பாகம் தேடுவது. எந்த நாட்டுக் காருக்கு எந்த ஓட்டைக் கொட்டகையில் என்ன கிடக்கிறது என்று அவனுக்குத்தான் தெரியும். புதன்கிழமை ஒரு ரோட்டர் கொண்டுவந்தான். உயரம் கூட. மூடி உட்காரவில்லை. வியாழக்கிழமை இன்னொன்று. அடியில் தண்டோடு மாட்டும் பள்ளம், அந்தக் காடி, மாறியிருந்தது.

"இதே காருக்கு ஹாரன் பட்டனைக் கோழிக்கூண்டுக்குள்ள இருந்து எடுத்துட்டு வந்தவன் நீ."

"அது ஹாரன் பட்டன்கா. கோழிக்குப் பிடிச்சிருந்தது."

"ரோட்டர்?"

"கோழிக்குப் பிடிக்கல போல."

சிரித்துவிட்டு ஃபோனை எடுத்துக் காதில் வைத்தான். ஃபோன் அடிக்கவே இல்லை.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பாகத்தைப் பூட்டினாலும் அதன் அடியில், கண்ணில் படாத இடத்தில், மஞ்சள் எனாமலால் ஒரு புள்ளி வைப்பாள். கைமாறினாலும் தன்னுடையது எது என்று தெரியும். இதைத் தம்பிக்கும் சொன்னதில்லை. தம்பி என்பதாலேயே சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் அவன் வெளியே போனதும் அவனுடைய கொட்டகைக்குள் போனாள். அலமாரியை ஒவ்வொரு தட்டாக இறக்கினாள். மூன்றாவது தட்டில், கிரீஸ் டின்னுக்குப் பின்னால், செய்தித்தாளில் சுற்றி ஒரு ரோட்டர். உயரம் சரி. காடி சரி. திருப்பிப் பார்த்தாள்.

புள்ளி இல்லை. புத்தம் புதுசு.

வாசலில் தம்பி நின்றிருந்தான்.

"எப்ப வந்துதுடா இது?"

"புதன்கிழமை."

"திருட்டுப் பட்டம் எனக்கு. நீ பொருளை இங்க வச்சுக்கிட்டு எனக்குக் கோழிக்கதை சொல்ற."

"கொடுக்காதேன்னு சொன்னாங்க."

"யாரு?"

"சத்தியம் வாங்கிட்டாங்க. என்னை நம்புக்கா."

"உன்னை நம்பித்தான் ஒவ்வொண்ணுக்கும் அடியில மஞ்சப் புள்ளி வைக்கிறேன்."

அவன் அவள் கையிலிருந்த ரோட்டரைப் பார்த்தான்.

"எனக்கும் சேத்தா?"

"உனக்குத்தான்."

அவன் உள்ளே வந்தான். இறக்கிய டின்களை ஒவ்வொன்றாக அலமாரியில் ஏற்றத் தொடங்கினான். அவள் ரோட்டரைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே டாக்டர் காரில் ஏறி உட்கார்ந்திருந்தார். கூரையைத் திறந்து மடித்திருந்தார். கேட்டுக்கு வெளியே பத்துக் கார்கள் வரிசையாக நின்றன.

புது ரோட்டரைப் பூட்ட இரண்டு நிமிடம் போதும். ஆனால் பூட்டிவிட்டால் பழையது எங்கே போனது என்று யாரும் தேடப் போவதில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

"கை கழுவிட்டு வரேன் சார்."

வீட்டின் முன்னறைதான் முன்பு கிளினிக்காக இருந்தது. நாற்காலியைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். டாக்டரின் மனைவி மேசையருகே நின்று, இனி யாருக்கும் வேண்டாத கருவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் அவற்றைக் கணவரின் கையில் எடுத்துக் கொடுத்தவர். துடைத்ததைத் தட்டில் வைத்தார். சிறியதிலிருந்து பெரியதுவரை. வரிசையாக.

கரண்ட் அக்கா குழாயைத் திறக்கவில்லை. தட்டைப் பார்த்தாள். பக்கத்திலிருந்த கண்ணாடி ஜாடியைப் பார்த்தாள். கேட்காமலே மூடியைத் திறந்து பஞ்சுக்குள் விரலை விட்டாள்.

கறுப்புத் துண்டு. திருப்பினாள். மஞ்சள் புள்ளி.

"தூசி படக்கூடாதுன்னு பஞ்சுல வச்சேன்," என்றார் அந்த அம்மா.

"சார் என்னைத் திருடின்னு சொல்லாம சொன்னாரு. நீங்க தண்ணி கொண்டுவந்து கொடுத்தீங்க."

"ஆமா."

"தம்பிகிட்ட சத்தியம் வாங்கினதும் நீங்கதானா?"

"காரணம் சொல்லல. கெஞ்சினேன். பாவம், ஒத்துக்கிட்டான்." துணியை நான்காக மடித்தார். "அவருக்கு இடது பக்கம் எதுவும் தெரியறதில்லம்மா. நீ அந்தப் பக்கம் நின்னா நீ இல்ல. பல் பிடுங்கறதை விட்டதே அதனாலதான். வெளிய சொன்னா என் மூஞ்சிலயே முழிக்காதேங்கறார். சாவியை ஒளிச்சேன், பூட்டுக்காரனைக் கூட்டிட்டு வந்துட்டார். கேட் தூணை இடிச்சுட்டு, தூணை யாரோ நகர்த்திட்டாங்கன்னார்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ சும்மா இருப்பியா? உன் பேர் கெடுது. நேரா அவர்கிட்டதான் போவ."

அவள் ஜாடியின் மூடியைத் திரும்பப் போட்டாள்.

"மலை ரோட்டுல ஏறும்போது பள்ளம் எந்தப் பக்கம்னு உனக்கே தெரியும்," என்றார் அந்த அம்மா.

தெரியும். இடது பக்கம்.

வெளியே ஒரு ஹாரன் அடித்தது. அதைக் கேட்டு இன்னொன்று. பிறகு பத்தும் சேர்ந்து அடித்தன. ஒவ்வொரு ஹாரனும் அவள் ஒயர் கொடுத்தது. எது யாருடையது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்.

பழைய ரோட்டர் உள்ளங்கையில் இருந்தது. புதியது பையில். டாக்டரின் மனைவி அவள் கையைப் பார்க்கவில்லை. முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹாரன்கள் ஓய்ந்தன. காரிலிருந்து டாக்டரின் குரல், எல்லோருக்கும் கேட்கும்படி வந்தது.

"என்னம்மா, கை கழுவ இவ்வளவு நேரமா? ரோட்டர் கிடைச்சுதா, இல்லையா?"